நாங்கள் ஊருக்குப் போனால் நாய் எங்கே போகும்?

சென்ற இதழில் கார் இன்சூரன்ஸ் பற்றி எழுதியிருந்தோம். இம்முறை எழுத நினைத்தது வேலைத்தலத்தில் காயம்பட்டால் என்ன செய்வது என்பது பற்றி. ஆனால் எங்கள் வீட்டில் மூன்று மாதமாக ஒரு வழக்கு நடக்கிறது, அது முடியாமல் வேறு ஒன்றும் எழுத ஓடவில்லை. வழக்குப் போட்டது ஒன்பது வயது மகள். சாட்சி ஆறு வயது மகன். எதிராளிகள் நாங்கள் இருவர். விசயம், நாய்.

பாடசாலை விடுமுறைக்குச் சிட்னிக்குப் போன வழியில்தான் இது தொடங்கியது. மெல்பேர்ணிலிருந்து காரில் சிட்னிக்குப் போகிறவர்கள் பாதி வழிக்குச் சற்று அப்பால் கண்டகாய் என்ற சிற்றூரைத் தாண்டுவீர்கள். ஊரைக் கடந்து கொஞ்சத் தூரத்தில், நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால், ஒரு பெட்டிக்கு மேல் நாய் குந்தியிருக்கிற வெண்கலச் சிலை இருக்கிறது. அந்தக் காலத்து மாட்டுவண்டிக்காரரின் சாப்பாட்டுப் பெட்டியைக் காவல் காத்த நாயாம். 1932 இல் அப்போதைய பிரதமர் ஜோசப் லயன்ஸ் வந்து திறந்து வைத்தார். நாங்கள் ஒவ்வொரு முறையும் அங்கேதான் இடியப்பப் பார்சலை அவிழ்ப்பது. கழிவறை இருக்கிறது, பிள்ளைகள் ஓடி விளையாட இடம் இருக்கிறது.

எசமான் திரும்பி வருவார் என்று அந்த நாய் சாகும்வரை பெட்டியை விட்டு எழும்பவில்லை என்று ஒரு கதையும் சொல்வார்கள். அதை மகளுக்குச் சொன்னது எங்கள் பிழை.

"அவர் எங்க போனவர், அப்பா?"

"தெரியாது, பிள்ளை."

"ஏன் நாயையும் கூட்டிக்கொண்டு போகேல்லை?"

யாஸ் வரும்வரை காரில் ஒருவரும் பேசவில்லை. பிள்ளைக்கு விளங்கியிருக்காது. எங்களில் ஒருவருக்கு அந்தக் கேள்வி புதிது அல்ல.

எங்களில் ஒருவர் பரந்தன், மற்றவர் வவுனியா. பரந்தன் வீட்டில் ஜிம்மி என்று ஒரு நாய் நின்றது. சாதி நாய் ஒன்றும் இல்லை, றோட்டில் கிடந்ததைத் தம்பி தூக்கி வந்தது. 2008 கார்த்திகையில், நிஷா புயல் மழை ஊற்றின நாட்களில், தருமபுரம் பக்கம் போவதற்கு ஒரு உழவுயந்திரத்தில் இடம் கிடைத்தது. சாமான், ஆட்கள், அம்மம்மா, தையல் மெசின் எல்லாம் ஏற்றிய பிறகு நாய்க்கு இடம் இல்லை. அது பின்னால் ஓடி வந்தது. றோட்டு முழுக்க வாகனம், நசிபட்டுச் சாகப் போகிறது என்று அப்பா இறங்கி, திரும்பக் கூட்டிக்கொண்டு போய் வேப்பமரத்தில் கட்டினார். பானையில் சோறும் வாளியில் தண்ணீரும் வைத்தார். இரண்டு நாளில் சைக்கிளில் வந்து ஏற்றுவோம் என்றுதான் எல்லாருக்கும் சொன்னார். மூன்றாம் நாள் போக வெளிக்கிட்டார், வழியிலேயே ஷெல் விழுகிறது என்று ஆட்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் கிழக்கே கிழக்கே போனோமே தவிர மேற்கே திரும்பவில்லை. 2009 சனவரி முதலாம் திகதி பரந்தன் இராணுவத்திடம் போனது. மீள்குடியேற்றத்தில் 2010 இல் போய்ப் பார்த்த சித்தப்பா, வேப்பமரம் நிற்கிறது என்றார். வேறு ஒன்றும் நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் இப்படி ஒரு மரம் இருக்கும். ஆட்களை இழந்தவர்கள் நடுவில் நாயைப் பற்றிக் கதைப்பதா என்று இத்தனை வருடமும் வாய் திறக்காமல் இருந்திருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான்.

சரி, வழக்குக்கு வருவோம்.

மகள் கேட்பது கடைக் குட்டி அல்ல. விக்ரோறியாவில் 2018 யூலையிலிருந்து செல்லப்பிராணிக் கடைகள் காப்பகங்களில் இருந்து வரும் நாய், பூனைகளைத்தான் விற்கலாம் என்று சட்டம். மகளுக்கு அவளுடைய ரீச்சர் காப்பக நாய்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வீட்டை இழந்த நாய்களுக்கு வீடு கொடுக்கிற இடம். வடமெல்பேர்ணில் லொஸ்ற் டோக்ஸ் ஹோம் 1910 இல் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. எங்களுக்குக் கிட்ட, பேர்வூட் ஈஸ்றில் ஆர்.எஸ்.பி.சி.ஏ. இருக்கிறது. மல்கிரேவிலிருந்து கொஞ்சத் தூரம்தான். "அதுகளும் அகதிதானே அப்பா" என்று மகள் ஒரு நாள் சொன்னாள். இதற்கு எந்த வக்கீல் மறுப்புச் சொல்வது?

ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தோம். நாய்களைவிட அங்கே வேலை செய்கிறவர்களின் கேள்விகள்தான் மனதில் நின்றன. வேலி எவ்வளவு உயரம்? வீட்டில் ஆள் இல்லாத நேரம் எத்தனை மணி? வாடகை வீடா? வருடத்தில் எத்தனை நாள் வெளியூர் போவீர்கள், அப்போது நாயை யார் பார்ப்பார்?

முதல் மூன்றுக்கும் பதில் இருந்தது. ஒருவர் பின்னேர ஷிப்ற், மற்றவர் முதியோர் இல்லத்தில் காலை வேலை, ஆகவே வீடு வெறுமையாகக் கிடப்பது இரண்டு மூன்று மணித்தியாலம்தான். வாடகை வீட்டுக்காரர் பயப்படத் தேவையில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம், புதிதாக வந்த குடும்பங்கள் பலருக்கு இது தெரியாது. 2020 மார்ச் 2 இலிருந்து விக்ரோறியாவில் வீட்டுக்காரர் நியாயமான காரணம் இல்லாமல் நாய் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதற்கென்று உள்ள படிவத்தில் எழுதிக் கேட்க வேண்டும். அவருக்கு மறுப்பு இருந்தால் 14 நாட்களுக்குள் வீகாட் என்கிற நியாயசபைக்கு அவர்தான் போக வேண்டும். போகாவிட்டால் சம்மதித்ததாகவே கொள்ளப்படும். கேட்காமல் ஒளித்து வளர்ப்பதுதான் வில்லங்கம்.

நாலாவது கேள்விக்குத்தான் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

நாங்கள் ஊர்சுற்றிகள் அல்ல. 2012 இல் படகில் வந்தவர்களின் கதை உங்களுக்குத் தெரியும். தற்காலிக வீசா, பிறகு இன்னொரு தற்காலிக வீசா. 2023 மாசியில்தான் அந்த வீசாக்காரர் நிரந்தர வீசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. அது கையில் வந்த பிறகு, பன்னிரண்டு வருடத்துக்குப் பின், திருச்சியில் இருக்கிற அம்மாவைப் போய்ப் பார்த்தோம். விமான நிலையத்தில் அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. தலைமயிர் போனது ஒரு காரணம். அன்றைக்கே முடிவு எடுத்தோம், இனி ஒவ்வொரு மார்கழியும் வருவதென்று. கிறிஸ்மசுக்கு எங்கள் தொழிற்சாலை மூடும்போது நாலு கிழமை கிடைக்கும். அதைவிட வருடத்தில் இரண்டு முறை சிட்னியில் அக்கா வீடு, வெஸ்ற்மீட் பக்கம். வருடத்தில் ஏறத்தாழ நாற்பது நாள் நாங்கள் வீட்டில் இல்லை.

நாற்பது நாளும் நாய் எங்கே?

முதலில் காசுக் கணக்கு. நாய் விடுதிகள் உண்டு, கவுன்சிலில் பதிவு செய்துதான் நடத்த வேண்டும். தடுப்பூசி அட்டை இல்லாமல் உள்ளே எடுக்க மாட்டார்கள், விடுதி இருமலுக்கும் சேர்த்துப் போடுகிற சி5 ஊசி கேட்பார்கள். நாங்கள் கேட்ட இடத்தில் ஒரு இரவுக்கு ஐம்பது டொலர். இருபத்தெட்டு இரவுக்கு ஆயிரத்து நானூறு. திருச்சிக்கு ஒரு ஆளின் ரிக்கற் காசு! கிறிஸ்மசுக்கு இடம் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னரே சொல்லி வைக்க வேண்டுமாம். இதற்கு மேல் வழமையான செலவுகள்: மூன்று மாத வயதிலிருந்து கவுன்சில் பதிவு, அதை வருடா வருடம் ஏப்ரல் 10 இற்கு முன் புதுப்பிக்க வேண்டும். தோலுக்கு அடியில் மைக்ரோசிப். புழு மருந்து, உண்ணி மருந்து. காப்பகத்தில் எடுத்தால் மலடாக்கும் சத்திரசிகிச்சையும் சிப்பும் ஊசியும் முடித்தே தருவார்கள், அது பெரிய மிச்சம். ஆனால் பிறகு வருத்தம் வந்தால் நாய்க்கு மெடிக்கெயர் இல்லை.

கூட்டிக்கொண்டு போவதா? சிட்னிக்குக் காரில் போகலாம், கோயிலுக்குப் போகும்போது அக்கா வீட்டில் விட வேண்டும், அக்காவுக்கு நாய் என்றால் கதிரையில் ஏறி நிற்கிற பயம். திருச்சிக்கு? அதைப் பேசவே வேண்டாம். இந்த நாட்டில் விசர்நாய் நோய் கிடையாது, அதைக் காப்பாற்றுவதற்காக உள்ளே வருகிற நாய்ச் சட்டம் மிகக் கடுமை. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரே ஒரு நாயை இங்கே கொண்டு வர முடியாது. அனுமதிக்கப்பட்ட வேறொரு நாட்டில் முதலில் வைத்திருந்து, பரிசோதனை எல்லாம் முடித்து, பிறகு எங்கள் மெல்பேர்ணுக்கு வடக்கே மிக்கிள்ஹாம் தனிமைப்படுத்தல் நிலையத்திலும் நாள் கழிக்க வேண்டும். 2015 இல் நடிகர் ஜோனி டெப்பும் மனைவியும் பிஸ்ரல், பூ என்ற இரண்டு சின்ன நாய்களைத் தனி விமானத்தில் சொல்லாமல் கொண்டு வந்தபோது, அப்போதைய விவசாய அமைச்சர் பார்ணபி ஜோய்ஸ் நாய்களைத் திருப்பி அனுப்பு, இல்லாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று நேரே சொன்னார். அடுத்த வருடம் மனைவி கோட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், இருவரும் வீடியோவில் மன்னிப்பும் கேட்டார்கள். ஹொலிவூட்காரருக்கே அப்படி என்றால் மல்கிரேவ் பக்ரறிக்காரர் எம்மாத்திரம்?

இந்த நேரத்தில் வேலைத்தலத்தில் ஒரு வெள்ளைக்கார அண்ணை, "கிரேஹவுண்ட் எடு, அது சோம்பேறி நாய், சோபாவில் படுத்துக் கிடக்கும்" என்றார். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் சண்டவுன் பார்க் பந்தயத்திடல். இரவில் விளக்கு எரிவதைப் பார்த்து முதலில் கிரிக்கெற் என்று நினைத்தோம், ஓடுவது நாய்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நாய்கள் சில வருடம்தான் ஓடும். ஓட்டம் முடிந்தவற்றுக்கு வீடு தேடிக் கொடுக்கிற தத்துத் திட்டம் ஒன்று விக்ரோறியாவில் உண்டு. பார்க்கப் பயமாக இருந்தாலும் நாளில் பெரும்பகுதி நித்திரை என்பது உண்மை. முன்பு வெளியே கொண்டு போனால் வாய்க்கூடு போட வேண்டும், 2019 சனவரியிலிருந்து செல்லமாக வளர்க்கிறவற்றுக்கு அது வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். வாரில் பிடித்துக்கொண்டே போக வேண்டும் என்பது இப்போதும் சட்டம். இந்த ஓட்டமே கூடாது என்கிறவர்களும் நிறைய. 2016 இல் நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் தடை செய்வதாக அறிவித்து, அதே வருடமே பின்வாங்கியது. காசுக்காக ஓடிக் களைத்து, பிறகு வேண்டாம் என்று விடப்பட்டது என்றால் தொழிற்சாலையில் வேலை செய்கிற எங்களுக்கு ஒரு பாசம் வரத்தானே செய்யும்!

வீட்டில் ஏறக்குறைய மனம் மாறிவிட்டது. படிவமும் எடுத்து வந்தோம். அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பாட்டி ஏதென்சுக்குத் தங்கை வீட்டுக்குப் போக வெளிக்கிட்டார். மூன்று கிழமை, தன்னுடைய நாயைப் பார்ப்பீர்களா என்று கேட்டார். வெள்ளை நிறத்தில், முயல் அளவில், பதினொரு வயதுக் கிழம். சந்தோசமாக ஓம் என்றோம். பிள்ளைகளுக்கு ஒரு ஒத்திகை என்று நினைத்தோம்.

ஒத்திகை எங்களுக்குத்தான் நடந்தது.

பாட்டியின் ரக்சி போனதும் அந்த நாய் எங்கள் முன் கேற்றடியில் போய்ப் படுத்தது. சாப்பாடு வைத்தோம், பார்க்கவில்லை. றோட்டில் எந்தக் கார் வந்தாலும் எழும்பும், அது கடந்து போனதும் படுக்கும். இரவில் உள்ளே தூக்கி வந்தால் கதவடியில் மூக்கை வைத்துக்கொண்டு கிடக்கும். மூன்று நாள். எங்களில் ஒருவர் பின்னேர ஷிப்ற் முடித்து நள்ளிரவு வந்து, அதற்குப் பக்கத்தில் நிலத்திலே இருந்தார். மற்றவர் எழும்பி வந்து, "இஞ்சாருங்கோ, வேலையால வந்து சாப்பிடாமல் இதில என்ன செய்யிறியள்?" என்று கேட்டார். பதில் வரவில்லை. பிறகு அவரும் பக்கத்தில் இருந்தார். ஜிம்மியைப் பற்றி முழுக்கச் சொன்னது அன்றைக்குத்தான். கலியாணம் கட்டிப் பதினொரு வருடம்.

நாலாம் நாள் மகன் கையில் வைத்து நீட்டிய கோழி இறைச்சியைத் தின்றது. அவித்த இறைச்சி, உப்பு உறைப்பு இல்லாமல். இதில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊரில் நாய்க்கு மிஞ்சின சோறும் கறியும்தான் போட்டோம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும் என்று இங்கேதான் அறிந்தோம். எங்கள் கறி எதில் வெங்காயம் இல்லை? பாயாசத்து முந்திரிகைவற்றலும் சொக்லேட்டும் அதைவிட ஆபத்து, சிறுநீரகம், இருதயம் வரை போகும். சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலில் குத்தும். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், எங்கள் ஆட்கள் பாசத்தில் வாழையிலையையே தூக்கி வைத்துவிடுவார்கள்.

பிறகு அது வழிக்கு வந்தது. காலையில் டண்டினோங் கிறீக் ஓரப் பாதையில் பிள்ளைகளோடு நடந்தது. இதே தெருவில் நாலு வருடம் இருக்கிறோம், நாயோடு நடந்த மூன்று கிழமையில் பேசிய ஆட்களின் தொகை அந்த நாலு வருடத்திலும் பேசவில்லை. எல்லாரும் முதலில் நாயின் பெயரைத்தான் கேட்பார்கள். எங்கள் பெயர் பிறகு வரும், அதுவும் உச்சரிக்க வராமல்.

பாட்டி வந்த அன்று நாய் போட்ட கூத்தைச் சொல்லி முடியாது. கிழ நாய், முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பாட்டியின் சட்டையில் வைத்து, ஒரு மாதிரி அழுதது. மகள் கைதட்டினாள். எங்களில் ஒருவர் கராஜுக்குள் போய்விட்டார்.

பதினொரு வருடம் ஒரே ஆளோடு இருந்த நாய்க்கே மூன்று நாள் அப்படி. காப்பக நாய் ஏற்கெனவே ஒருமுறை விடப்பட்டது. புது வீட்டில் முதல் மூன்று நாள் பயம், மூன்று கிழமையில் பழக்கம், மூன்று மாதத்தில்தான் இது என் வீடு என்ற நினைப்பு வரும் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் ஒரு வாய்ப்பாடு போலச் சொல்கிறார்கள். நாங்கள் படிவம் எடுத்து வந்தது ஐப்பசியில். மார்கழி பதினெட்டில் விமானம். கணக்குப் பாருங்கள். அதற்கு நாங்கள் வீடாகத் தெரியத் தொடங்குகிற நேரத்தில் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். நாங்கள் திரும்பி வருவோம் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு யார் சொல்வது?

எங்களுக்குள் சண்டையும் வந்தது, மறைப்பானேன். ஒருவர் சொன்னார், பயணத்தை இரண்டு வருடத்துக்கு ஒன்றாக்குவோம், பிள்ளைகளுக்கும் ஆசைப்பட்டது ஒன்று கிடைக்கட்டும் என்று. மற்றவர் சொன்னார், அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, இன்னும் எத்தனை மார்கழி என்று யார் கண்டது என்று. யார் எதைச் சொன்னது என்று நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு. அம்மாவுக்காகப் பேசியது மருமகள்.

பாட்டி தானாகவே, உங்களுக்கு நாய் வந்தால் நான் பார்க்கிறேன் என்றார். நல்ல மனம். ஆனால் அவருக்கு எழுபத்தெட்டு வயது, முழங்கால் சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கிறார். முப்பது கிலோ கிரேஹவுண்ட் ஒரு பூனையைக் கண்டு இழுத்தால் யார் யாரைப் பிடிப்பது? நோபல் பார்க்கில் இருக்கிற நண்பர் குடும்பத்தையும் கேட்டோம். "அதுக்கென்ன அண்ணை, பார்ப்பம்" என்றார்கள். பார்ப்பம் என்றால் எங்கள் தமிழில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்லவில்லை. நாங்களும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்.

கடைசியில் வழிகாட்டியது காப்பகத்துப் பெண்தான். படிவத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பொஸ்ரர் கெயர் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா என்றார். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல நாய்களுக்கும் இருக்கிறது. சத்திரசிகிச்சை முடிந்து தேறுகிறவை, குட்டி போட்டவை, காப்பகச் சத்தத்துக்குப் பயந்தவை, இவற்றைச் சில கிழமை அல்லது சில மாதம் வீட்டில் வைத்துப் பார்ப்பது. மருந்துச் செலவு பொதுவாக அவர்களுடையது. நாங்கள் இருக்கிற காலத்தைச் சொன்னால் அதற்கு ஏற்ற நாயாகப் பார்த்துத் தருவார்கள். தேறியதும் அது வேறு வீட்டுக்குத் தத்துப் போகும்.

"பிறகு திருப்பிக் குடுக்கோணுமா?" என்று மகள் அழுதாள். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "குடுக்கேக்க நான்தான் வாரைப் பிடிப்பன், புது ஆக்களின்ர கையிலதான் குடுப்பன்" என்று நிபந்தனை போட்டாள். ஒப்புக்கொண்டோம்.

ஆகவே இந்த மார்கழி திருச்சி. தையில் வருவோம். மாசி முதலாம் கிழமையிலிருந்து கார்த்திகை வரை எங்கள் வீட்டில் இடம் உண்டு என்று பெயர் கொடுத்தாகிவிட்டது. சொந்தமாக ஒன்று எடுப்பதைப் பற்றி, பாட்டியின் முழங்காலும் நோபல் பார்க்காரரின் பார்ப்பமும் ஒரு முடிவுக்கு வந்த பிறகு யோசிப்போம். பின்வளவில் இருக்கிற ஒரே மரம் எலுமிச்சை. அதில் ஒன்றும் கட்டுவதில்லை என்று சொல்லியிருக்கிறோம், ஏன் என்று பிள்ளைகள் கேட்கவில்லை.

வருடா வருடம் ஊருக்குப் போய் வந்துகொண்டே நாய் வளர்க்கிற குடும்பங்கள் நம்மவரில் யாராவது இருந்தால், எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று ஆசிரியருக்கு எழுதுங்கள். தை இதழில் எங்கள் பக்கம் வராது. மாசியில், வீட்டுக்கு யார் வந்திருக்கிறார் என்று எழுதுகிறோம்.